சாட்சிக்குப் படியளந்த அரசாங்கம்

பொய் வழக்கில் மாட்டிக்கொண்டு வக்கீலான என்னிடம் வரும் கட்சிக்காரர் அநேகமாக முதலில் சொல்வது, "சார், அந்தச் சாட்சி காசு வாங்கிட்டுச் சொல்றான்" என்பதுதான். யார் கொடுத்தார், கைமாறியதை யார் பார்த்தார் என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இதைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. சாட்சிக்குப் பணம் கொடுத்தது அரசாங்கம். அதுவும் சட்டம் போட்டு.

1692-ல் வந்த சட்டப்படி, வழிப்பறிக்காரனைப் பிடித்துத் தண்டனை வாங்கித் தருபவர்களுக்கு 40 பவுண்டு வெகுமதி. ஒரு கூலித் தொழிலாளி வருடம் முழுக்க உழைத்தாலும் கிடைக்காத தொகை. 1720-ல் லண்டன் வட்டாரத்துக்கு மேலும் 100 பவுண்டு என்று அரச அறிவிப்பும் வந்தது. பிடித்துக் கொடுத்தால் மட்டும் பணம் வராது, தண்டனை கிடைத்தால்தான். வழிப்பறிக்குத் தண்டனை தூக்கு.

இன்றைய போலீஸ் அப்போது இல்லை. பறிகொடுத்தவரே வழக்கை நடத்த வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் சத்தியப் பிரமாணத்தின் மேல் தன் தரப்பைச் சொல்ல முடியாது. 1730-களில்தான் அவருக்காக வக்கீல்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். அவர்களும் குறுக்கு விசாரணை செய்யலாம், ஜூரியிடம் வாதாடக் கூடாது. அந்த உரிமை 1836 வரை இல்லை. லண்டனின் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் ஓர் உயிரின் கதை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இந்தப் பணத்தை நம்பியே சிலர் தொழில் நடத்தினார்கள். ஸ்டீபன் மக்டானியல், ஜான் பெர்ரி, ஜேம்ஸ் சால்மன், ஜேம்ஸ் ஈகன், தாமஸ் பிளீ என்ற கூட்டத்தின் வேலை நேர்த்தியைப் பார்த்தால், இன்று குறுக்கு விசாரணை செய்பவர்களுக்குக்கூட வயிற்றைக் கலக்கும். 1754-ல் பீட்டர் கெல்லி, ஜான் எல்லிஸ் என்ற இரண்டு இளைஞர்களைத் திருட வா என்று லண்டனை அடுத்த டெப்ட்ஃபோர்டுக்குப் பிளீ கூட்டிப் போகிறான். வழியில் சால்மன் தயாராக நிற்கிறான். அவனிடம் இருக்கும் தோல் கால்சட்டையும் புகையிலை டப்பாவும் பறிபோவதற்கென்றே கொண்டுவந்தவை. கால்சட்டையை விலைக்கு வாங்க ஈகன் காத்திருக்கிறான். அப்புறம் மக்டானியலும் பெர்ரியும் வந்து பிடிக்கிறார்கள், பிளீ மட்டும் "தப்பி" ஓடிவிடுகிறான். பறிகொடுத்தவர், பொருளை வாங்கியவர், பிடித்தவர் என எல்லாச் சாட்சியமும் அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது. பொய்ச் சாட்சி உளறிக் கொட்டுவார் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் உளறுவது பயந்துபோன உண்மைச் சாட்சிதான். ஒத்திகை பார்த்தவர் தடுமாறுவதில்லை.

இவர்களைப் பிடித்தவர் ஜோசப் காக்ஸ் என்ற உள்ளூர் கான்ஸ்டபிள். பிளீயை மடக்கி உண்மையைக் கறந்தார். ஆனாலும் மெய்ட்ஸ்டோன் ஊர் நீதிமன்றத்தில் கெல்லிக்கும் எல்லிஸுக்கும் எதிராகக் கூட்டம் சாட்சி சொல்லி, ஜூரி குற்றவாளிகள் என்று சொல்லும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகே கைது செய்தார். கையும் களவுமாகப் பிடிக்க அது தேவைப்பட்டிருக்கலாம். அதுவரை அந்த இருவரின் கழுத்து கயிற்றுக்கடியில் இருந்தது என்பதுதான் உறுத்துகிறது. பிறகு அவர்களுக்கு மன்னிப்பு கிடைத்தது.

கூட்டத்தைத் தண்டிக்கத்தான் சட்டம் திணறியது. கொள்ளைக்கு உடந்தை என்று வழக்குப் போட்டார்கள். பறிகொடுத்தவனே சம்மதித்திருக்கிறான், எனவே நடந்தது கொள்ளையே இல்லை, இல்லாத கொள்ளைக்கு உடந்தை எப்படி என்று நீதிபதிகள் முடித்துவிட்டார்கள். சட்டப்படி சரிதான்! கடைசியில் கூட்டுச்சதிக் குற்றத்துக்கு ஏழு ஆண்டுச் சிறையும், மரச்சட்டத்தில் கழுத்தைப் பூட்டிச் சந்தியில் நிறுத்தும் தண்டனையும் கொடுத்தார்கள். 1756 மார்ச்சில் ஸ்மித்ஃபீல்டில் நிறுத்தப்பட்ட ஈகனை ஜனங்கள் கல்லால் அடித்தே கொன்றார்கள்.

அதற்கு முன்பே ஜோஷுவா கிட்டன் என்பவர் இவர்கள் ஜோடித்த வழக்கில் 1754 பிப்ரவரியில் தூக்கில் தொங்கிவிட்டார். மூட்டை தூக்கக் கூலிக்குக் கூப்பிட்டார்கள், போனேன் என்பதுதான் அவர் சொன்னது. அந்தச் சாவுக்காக மக்டானியல் மீதும் பெர்ரி மீதும் கொலை வழக்கு நடந்தது. ஜூரி குற்றவாளிகள் என்றது, ஆனால் தண்டனை நிறைவேறவில்லை. பொய்ச் சாட்சியால் கொல்வது கொலையாகுமா என்பதில் சட்டம் தயங்கி நின்றது. தண்டனை வாங்கித் தந்தால் பணம் என்ற அந்த ஏற்பாட்டை நாடாளுமன்றம் ரத்து செய்தது 1818-ல்.

அன்றைய இங்கிலாந்தில் விடுதலையானவர் பொய் வழக்குப் போட்டவர் மீது நஷ்டஈட்டு வழக்குத் தொடர விடுதலைத் தீர்ப்பின் நகல் வேண்டும். பெருங்குற்ற வழக்குகளில் அதைக் கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதியின் விருப்பம்.

நம் சட்டத்தில் இந்த ஓட்டைகள் அடைபட்டிருக்கின்றன. பொய்ச் சாட்சியால் நிரபராதி தூக்கிலிடப்பட்டால், சாட்சி சொன்னவருக்கும் மரண தண்டனை வரை போகலாம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு, இன்று அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 230-ஆம் பிரிவு. சாட்சி லஞ்சம் வாங்கினார் என்று காட்டி அவர் நம்பகத்தன்மையை உடைக்க இன்றைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 158-ஆம் பிரிவு இடம் தருகிறது. விடுதலைத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை மனுப் போட்டு வாங்கலாம். கெட்ட எண்ணத்தோடு வழக்குத் தொடர்ந்ததற்காக நஷ்டஈடு கேட்க, விடுதலையான நாளிலிருந்து ஓராண்டுதான் கெடு. விடுதலையான சந்தோஷத்தில் ஊருக்குப் போய்விட்டு இரண்டு வருடம் கழித்து வருபவர்களுக்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. தீர்ப்பு வந்த வாரமே நகல் மனுவைப் போட்டுவிடுங்கள்.