எக்ஸ்க்ளூசிவ் என்னும் சொல்லும் தனித்தள ஆட்டமும்

2025 அக்டோபர் இறுதியில், மைக்ரோசாஃப்டின் ஹேலோ என்னும் நிகழ்பட (வீடியோ) ஆட்ட வரிசையின் முதல் ஆட்டம் புதுப்பிக்கப்பட்டு 2026இல் போட்டி நிறுவனமான சோனியின் பிளேஸ்டேஷன் 5 கருவிக்கும் வரும் என்ற அறிவிப்பு வெளியான மறுநாள், கோத்தகிரியில் கல்லூரி முதலாண்டு படிக்கும் என் அக்கா மகன் குன்னூரில் இருக்கும் என்னைத் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, இனிமே எங்களுக்கு மட்டும்னு சொல்லிக்க என்ன இருக்கு? எக்ஸ்க்ளூசிவ்னு ஒண்ணுமே இல்லாமப் போச்சு" என்றான். அவனிடம் இருப்பது மைக்ரோசாஃப்டின் ஆட்டக் கருவியான எக்ஸ்பாக்ஸ். தேயிலைத் தோட்டத்து இலைப் பணத்திலிருந்து அவன் அப்பா மாதந்தோறும் ஒதுக்கிச் சேர்த்து வாங்கிக் கொடுத்த கருவி அது. அவனுடைய வருத்தத்தைத் தீர்க்க எனக்கு வழி தெரியவில்லை. ஆனால், அவன் பயன்படுத்திய அந்தச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

நிகழ்பட ஆட்டத் தொழிலில் எக்ஸ்க்ளூசிவ் என்பது, ஒரு நிறுவனத்தின் கருவியில் மட்டும் ஆடக் கிடைத்து, போட்டி நிறுவனத்தின் கருவியில் கிடைக்காத ஆட்டத்தைக் குறிக்கும். இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை வணிகக் கணக்கு. கருவியைக் குறைந்த இலாபத்துக்கோ சில வேளைகளில் நட்டத்துக்கோ விற்று, பின்னர் அந்தக் கருவிக்காக விற்கும் ஒவ்வோர் ஆட்டத்திலிருந்தும் ஒரு பங்கைப் பெறுவது இத்தொழிலின் வழக்கம். ஆகவே, வாடிக்கையாளரைத் தன் கடைக்குள் இழுத்து வர, அடுத்த கடையில் கிடைக்காத சரக்கு ஒன்றேனும் வேண்டும். இந்தியாவில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், பிளேஸ்டேஷன் 5 ஆகிய இரண்டுமே தொடக்கத்தில் 49,990 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தன. இரண்டையும் வாங்கி வைத்துக்கொள்வது மலையில் எத்தனை வீடுகளால் முடியும்? ஒன்றைத் தேர்ந்தெடுத்தவர், தம் தேர்வு சரிதான் என்பதற்குச் சான்றாகக் காட்டிக்கொண்டிருந்தது அந்த ஒருசில ஆட்டங்களைத்தான்.

இனி, சொல்லின் பிறப்புக்கு வரலாம். இலத்தீனில் 'எக்ஸ்' என்பது வெளியே என்றும் 'க்ளௌதெரே' என்பது மூடுதல் என்றும் பொருள்படும். இரண்டும் சேர்ந்து உண்டான 'எக்ஸ்க்ளூதெரே' என்பதற்கு, ஒருவரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துதல் என்று பொருள். நாம் அன்றாடம் சொல்லும் 'க்ளோஸ்', படிவங்களில் வரும் 'இன்க்ளூட்', கூட்டத்தை முடிக்கும்போது சொல்லும் 'கன்க்ளூட்' ஆகிய மூன்றும் இதே வேரில் கிளைத்தவை. குறிப்பிட்ட சிலர் மட்டுமே நுழையக்கூடிய சங்கம், விருந்து, வட்டம் ஆகியவற்றைப் பெருமையாகக் குறிக்கும் பொருள் ஆங்கிலத்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது. வேறு எவரிடமும் இல்லாத செய்தி என்னும் பத்திரிகைப் பொருள் அதற்குப் பின்னர் வந்தது. இன்று நம் தொலைக்காட்சிகளின் திரை ஓரத்தில் சிவப்புப் பட்டையில் மின்னுவது இந்தக் கடைசிப் பொருள்தான்.

தமிழ் இதழ்கள் இச்சொல்லுக்கு நேராகப் 'பிரத்யேகம்' என்று எழுதிப் பழகிவிட்டன. பிரத்யேகப் பேட்டி, பிரத்யேகப் படங்கள் என்று நாள்தோறும் படிக்கிறோம். இது 'பிரதி', 'ஏக' என்னும் இரண்டு வடசொற்களின் சேர்க்கை. ஒவ்வொன்றாக, தனித்தனியாக என்பதே இதன் மூலப்பொருள். தமிழுக்கு வந்தபின் சிறப்பான, தனிப்பட்ட என்ற பொருளை அது ஏற்றது. எந்தக் காலத்திலும் கதவடைப்பு அதற்குள் இருந்ததில்லை. 'பிரத்யேக ஆட்டம்' என்று எழுதினால், ஏதோ பிறந்தநாளுக்காக ஒருவருக்கென்றே செய்து கொடுத்த ஆட்டம் போலத் தோன்றுமே தவிர, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைக்காத ஆட்டம் என்பது விளங்காது. 'தனியுரிமை' என்னும் சொல்லை அந்தரங்கம் பற்றிய சட்டப் பேச்சு எடுத்துக்கொண்டுவிட்டது. 'ஏகபோகம்', 'முற்றுரிமை' ஆகியவை ஒரு சந்தை முழுவதையும் ஒருவரே ஆள்வதைக் குறிக்கும் பொருளியல் சொற்கள். ஓர் ஆட்டத்துக்கு அவ்வளவு பெரிய சட்டை பொருந்தாது.

சரியான பொருளை ஊட்டியின் தங்கும் விடுதிகள் எப்போதோ பிடித்துவிட்டன என்பதுதான் வேடிக்கை. அறை வாடகைப் பலகையின் அடியில் 'வரி நீங்கலாக' என்று எழுதியிருப்பார்களே, அந்த 'நீங்கலாக' என்பதுதான் எக்ஸ்க்ளூசிவ் என்னும் சொல்லின் நேர்மையான தமிழ். எது உள்ளே இருக்கிறது என்பதை விட, எது வெளியே நிற்கிறது என்பதை அது சொல்கிறது. பெருமையின் பூச்சு எதுவும் அதில் இல்லாததால், விளம்பரம் எழுதுவோர் அதன் பக்கம் திரும்புவதே இல்லை.

ஹேலோவின் வரலாறே இந்த 'நீங்கலாக' என்னும் பொருளுக்கு நல்ல எடுத்துக்காட்டு. 1999 ஜூலையில் நியூயார்க்கில் நடந்த ஆப்பிள் கணினி மாநாட்டில் அந்த ஆட்டத்தை மேடையில் அறிமுகப்படுத்தியவர் ஸ்டீவ் ஜாப்ஸ். மறு ஆண்டே அதை உருவாக்கிக்கொண்டிருந்த பங்கி நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியது; 2001 நவம்பர் 15 அன்று எக்ஸ்பாக்ஸ் கருவியோடு ஹேலோ வெளிவந்தது. அன்று மனம் கசந்தவர்கள் ஆப்பிள் கணினி அன்பர்கள். விண்டோஸ், மேக் கணினிகளுக்கு அது 2003இல்தான் வந்து சேர்ந்தது. அவ்வாறு கணினிகளுக்கு வந்த பின்னும் எக்ஸ்பாக்ஸ் அன்பர்கள் அதை எக்ஸ்க்ளூசிவ் என்றே சொல்லி வந்தார்கள். கணினியில் கிடைப்பது அவர்களை உறுத்தவில்லை. பிளேஸ்டேஷனில் கிடைக்காதிருப்பதே கணக்காக இருந்தது. ஆக, இச்சொல்லின் பொருளை முடிவு செய்வது எத்தனை கதவுகள் திறந்திருக்கின்றன என்னும் எண்ணிக்கையன்று, எந்த ஒரு கதவு சாத்தியிருக்கிறது என்பதுதான்.

இந்தக் கதவுகள் திறந்ததும் புதிதன்று. 2001 ஜனவரியில் சேகா நிறுவனம் தன் டிரீம்காஸ்ட் கருவியின் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்தது. அந்த ஆண்டு ஜூனில் டிரீம்காஸ்ட்டில் வெளிவந்த சோனிக் அட்வென்ச்சர் 2, டிசம்பரில் ஜப்பானில் நிண்டெண்டோவின் கேம்கியூபுக்கு வந்துவிட்டது. பத்தாண்டுக் காலம் நிண்டெண்டோவின் மரியோவா சேகாவின் சோனிக்கா என்று பள்ளிக்கூடத் திண்ணைகளில் சண்டையிட்டவர்களுக்கு, தங்கள் நீல முள்ளெலி எதிராளி வீட்டு வாசலில் நிற்பதைக் காண எப்படி இருந்திருக்கும்? 2004இல் ரெசிடென்ட் ஈவில் 4 என்னும் ஆட்டம் இன்னும் கேம்கியூபில் வெளியாகும் முன்பே, அது பிளேஸ்டேஷன் 2க்கும் வரும் என்று அதை உருவாக்கிய கேப்காம் நிறுவனம் அறிவித்தபோது கேம்கியூப் வைத்திருந்தவர்கள் ஏமாற்றப்பட்டதாகவே உணர்ந்தார்கள். அவர்கள் ஆடவிருந்த ஆட்டத்தில் ஒரு காட்சி கூடக் குறைக்கப்படவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

2024 பிப்ரவரி இதைவிடப் பெரிய அலை. ஸ்டார்ஃபீல்டு போன்ற எக்ஸ்பாக்ஸ் ஆட்டங்கள் பிளேஸ்டேஷனுக்குப் போகப் போகின்றன என்ற வதந்தி பரவியதும், கருவியை விற்றுவிடப் போவதாகச் சிலர் அறிவித்தனர். இருபதாண்டு விசுவாசத்துக்கு இதுதான் பரிசா என்று சிலர் கேட்டனர். மறுபக்கத்தில் பிளேஸ்டேஷன் வைத்திருந்தவர்களுள் சிலர் எள்ளி நகையாடினர். வேறு சிலர், வாங்க வேண்டிய கருவி ஒன்று குறைந்தது என்று நிம்மதி அடைந்தனர். அப்போது எக்ஸ்பாக்ஸ் பிரிவின் தலைவராக இருந்த பில் ஸ்பென்சர் அந்த மாதம் 15ஆம் நாள் விளக்கம் அளிக்க நேர்ந்தது. முதலில் செல்வன பென்டிமென்ட், ஹை-ஃபை ரஷ், கிரவுண்டட், சீ ஆஃப் தீவ்ஸ் ஆகிய நான்கு என்பது சில நாள்களில் தெளிவானது. அதன் பின் கதவு இரு பக்கமும் ஆடத் தொடங்கியது. 2025 ஆகஸ்ட் 26 அன்று, மைக்ரோசாஃப்டின் கியர்ஸ் ஆஃப் வார் புதுப்பதிப்பு பிளேஸ்டேஷனுக்கும், சோனி வெளியிட்ட ஹெல்டைவர்ஸ் 2 எக்ஸ்பாக்ஸுக்கும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன.

தானும் ஆடலாம், பிறரும் ஆடலாம் என்றால் ஒருவர் இழந்தது என்ன? இந்தக் கேள்விக்கு விடை ஆங்கிலச் சொல்லில் தேடுவதை விடத் தமிழ் இலக்கணத்தில் தேடினால் விரைவில் கிடைக்கும். நம் மொழியில் தன்மைப் பன்மை இரண்டு: கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் 'நாம்', கேட்பவரை வெளியே நிறுத்தும் 'நாங்கள்'. ஆங்கிலத்தின் 'வீ' இந்த வேறுபாட்டை அறியாது. மொழியியலார் ஆங்கிலத்தில் எழுதும்போது 'நாம்' என்பதை இன்க்ளூசிவ் என்றும் 'நாங்கள்' என்பதை எக்ஸ்க்ளூசிவ் என்றும் குறிப்பது எனக்கு வெகுநாளாகத் தெரியும். ஆனால் ஆட்டக் கருவியின் பெட்டியில் அச்சிட்ட சொல்லும் அதே சொல்தான் என்பது அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பின்னரே உறைத்தது. "எங்களுக்கு மட்டும்" என்று அவன் சொன்னபோது, தாய்மாமனாகிய என்னையும் சேர்த்தே வெளியே நிறுத்தினான். இலக்கணப்படி அது முற்றிலும் சரி. என்னிடம் எந்தக் கருவியும் இல்லை. 'எங்கள்' ஆட்டம் 'நம்' ஆட்டமாக மாறியதைத்தான் அவன் இழப்பாக உணர்ந்தான்.

தொல்காப்பியம் ஏகாரத்துக்குச் சொல்லும் ஐந்து பொருள்களுள் ஒன்று பிரிநிலை. 'அவனே கொண்டான்' என்னும்போது, கூட்டத்திலிருந்து ஒருவனைப் பிரித்து மற்றவரை விலக்குவது அந்த ஓரெழுத்து. 'எக்ஸ்பாக்ஸிலேயே கிடைக்கும்' என்ற தொடரில் விளம்பரத்தின் முழுச் சுமையையும் தாங்குவது அதுதான். ஒரு மொழி இதற்கென ஓர் எழுத்தையே ஒதுக்கி வைத்திருக்கும்போது, சொல் கிடைக்கவில்லை என்று நாம் சலித்துக்கொள்வது சற்று அதிகம்.

ஆட்டம் ஒன்று கதவைத் தாண்டிய கதை இந்த மலையிலேயே உண்டு. 1875இல் ஜபல்பூரின் படைவீரர் விடுதியில் நெவில் சேம்பர்லின் என்னும் இளம் அதிகாரி உருவாக்கிய ஸ்னூக்கரின் விதிகள், 1882இல் உதகமண்டலம் கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் எழுதி மாட்டப்பட்டன. பின்னாளில் பிரிட்டனின் பிரதமரானவர் வேறொரு நெவில் சேம்பர்லின், பலர் குழப்பிக்கொள்வதுண்டு. உறுப்பினர் அல்லாதார் நுழைய முடியாத அறையின் ஆட்டமாக இருந்த அது, பிறகு இங்கிலாந்துக்குப் போய் உலகம் முழுவதும் பரவியது. விதி பிறந்த அறை இன்னும் உறுப்பினர்க்கு உரியதாகவே இருக்கிறது. அறைதான் எக்ஸ்க்ளூசிவ், ஆட்டம் அப்படி இருக்க வேண்டியதில்லை என்பதை அந்தக் கிளப்பின் சுவரே காட்டுகிறது.

ஆகவே தமிழ்ச் சொல்லாக்கத்தில், ஆட்டத்தின் இயல்பையும் அது அடைபட்டிருக்கும் இடத்தையும் பிரித்துச் சொல்வது நல்லது. நான் முன்வைப்பது 'தனித்தள ஆட்டம்' என்பது. கணினித் தமிழில் தளம் என்னும் சொல் இயங்குதளம், இணையதளம் என ஏற்கெனவே நன்றாக வேரூன்றிவிட்டது. சில மாதங்கள் மட்டும் ஒரு கருவியில் இருந்து பின்னர் பிற கருவிகளுக்குச் செல்வதைக் 'காலவரைத் தனித்தள ஆட்டம்' எனலாம். எல்லாவற்றிலும் கிடைப்பது 'பல்தள ஆட்டம்'. குறிஞ்சியில் நெய்தலின் பறவை வந்து கலப்பதைத் திணைமயக்கம் என்று வழங்கிய மரபு நமக்கு இருப்பதால், ஓர் ஆட்டம் எதிர்க் கருவிக்குப் போவதைத் 'தளமயக்கம்' என்று அழைக்க எனக்கு உள்ளூர ஆசைதான். ஆனால் மயக்கம் என்றால் இன்று எல்லோரும் மருத்துவமனையை நினைப்பார்கள் என்பதால் அதைக் கைவிட்டேன்.

ஓர் ஆட்டத்தை ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டு செல்லும் செயலுக்குத் தொழிலில் வழங்கும் சொல் 'போர்ட்'. அதைத் துறைமுகம் என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது. சுமந்து செல்லுதல் என்னும் பொருளுடைய 'போர்த்தாரே' என்ற இலத்தீன் வினையின் வழியில் வந்தது அது. மொழிபெயர்ப்பு என்னும் சொல்லில் உள்ள 'பெயர்ப்பு' இதற்கு அப்படியே பொருந்தும்: 'தளப்பெயர்ப்பு'. நாற்றுப்பண்ணையிலிருந்து தேயிலைக் கன்றைப் பெயர்த்து நடுவது போல, புதிய கருவியின் கைப்பிடிக்கும் நினைவகத்துக்கும் ஏற்ப நிரலைத் திருத்தி வேர்பிடிக்கச் செய்யும் உழைப்பும் அச்சொல்லில் புலப்படுகிறது.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'தனித்தளம்' என்பதை ஒற்று மிகுத்து ஒரே சொல்லாகவே எழுத வேண்டும். 'தனித் தளம்' என்று இடம் விட்டுப் பிரித்தால், விடுதிக்காரர் குடும்பத்தோடு வருபவருக்கு மாடியில் ஒரு தளத்தைத் தனியே ஒதுக்கித் தருகிறார் என்று ஊட்டியில் பொருள் கொண்டுவிடுவார்கள். என் அக்கா மகனிடம் இந்தச் சொற்களையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். பெயர்ப்பு நன்றாக இருக்கிறது, வைத்துக்கொள்ளலாம் என்றான். தனித்தளம் மட்டும் வேண்டாம் என்றான். அந்தச் சொல்லைப் போட்டுப் பேச இனி தன்னிடம் ஆட்டம் எதுவும் இல்லையாம்.