மூன்று சுழி எங்கே போயிற்று?

சிங்கப்பூரில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பொங்கலுக்குக் கட்டியிருந்த பேனர் முன்னால் பக்கத்து வீட்டுப் பாட்டி கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். "ஏம்மா, இது மூணு சுழியா, ரெண்டு சுழியா?" என்றார். 'வண்ணக் கோலப் போட்டி' என்று போட்டிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். 'ண்ண' இரண்டும் கறுத்த மொத்தைகளாக நின்றன. சுழிக்குள் தெரிய வேண்டிய வெள்ளை அடைபட்டுப் போயிருந்தது. அச்சடித்தவர் மேல் தவறில்லை. எடுப்பாக இருக்கட்டும் என்று கணினியில் எழுத்தைத் தடிக்க வைக்கும் 'போல்ட்', சாய்க்கும் 'இட்டாலிக்' இரண்டையும் அடுத்தடுத்து அழுத்தியவள் நான்.

சாய்வுக்கென்று தனியே வரைந்த எழுத்து அந்த எழுத்துருவில் இல்லையென்றால், கணினி நிமிர்ந்த எழுத்தையே பிடித்துத் தள்ளுகிறது. ஒரு சீட்டுக்கட்டை மேசையில் வைத்து, அடிச்சீட்டு நகராமல் மேற்பக்கத்தை வலப்புறம் தள்ளிப் பாருங்கள். அதே வேலைதான். எழுத்தின் அடி அப்படியே இருக்கும். மேலே போகப் போக நகர்வு கூடும். 12 டிகிரி சாய்த்தால், 100 அலகு உயரத்தில் இருக்கும் முனை சுமார் 21 அலகு வலப்புறம் போய்விடும்.

நேர்கோட்டுக்கு இதனால் பெரிய சேதமில்லை. வட்டம்தான் பாடுபடுகிறது. தள்ளிய வட்டம் சாய்ந்த முட்டையாகிறது. அதன் கோடு மேல் வலத்திலும் கீழ் இடத்திலும் ஏறத்தாழ 11 சதவீதம் தடிக்கிறது. மேல் இடத்திலும் கீழ் வலத்திலும் 10 சதவீதம் மெலிகிறது. கோட்டின் தடிமன் 4 அலகு என்றால் இந்த ஏற்ற இறக்கம் ஒரு அலகுகூட வராது, கண்ணுக்குப் படாது. 20 அலகு தடிமனுள்ள போல்ட் எழுத்தில் அதே கோடு ஓரிடத்தில் 22, இன்னோரிடத்தில் 18. இப்போது எழுத்து வீங்கினாற்போல் தெரியும். மெல்லிய எழுத்தில் மறைந்துகொள்ளும் பிழையைத் தடித்த எழுத்து காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அதனால்தான் தேர்ந்த எழுத்துரு வடிவமைப்பாளர்கள் தடித்த சாய்வை நிமிர்ந்த எழுத்தின் நிழலாக விடாமல், வளைவு வளைவாகக் கையால் திருத்துகிறார்கள். சுவிஸ் வடிவமைப்பாளர் அட்ரியன் ஃபுருட்டிகர் 1957இல் யுனிவர்ஸ் எழுத்துருவை வெளியிட்டபோது குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்: 65 என்றால் தடித்த நிமிர்ந்த எழுத்து, 66 என்றால் தடித்த சாய்வு. தனி எண், தனி வரைபடம். அதன் சாய்வு 16 டிகிரி. அதே ஆண்டில் பிறந்த ஹெல்வெட்டிகாவுக்கு 12.

ஆங்கிலம் எழுதப் பயன்படும் ரோமன் எழுத்துக்குச் சாய்வு கையெழுத்திலிருந்து வந்த சொத்து. வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸின் அச்சகத்துக்காக ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய சாய்வு அச்செழுத்து 1501இல் முழுப் புத்தகமாகவே வந்துவிட்டது. முனைக் குறுங்கோடுகள் இல்லாத சான்ஸ் செரிஃப் அச்செழுத்து அதற்கு மூன்று நூற்றாண்டு கழித்து, 1816இல், லண்டனில் வில்லியம் கேஸ்லனின் பட்டறையில் வந்தது. அதற்கு அப்படியொரு கையெழுத்துப் பூர்விகம் கிடையாது. ஆகவே பெரும்பாலான சான்ஸ் செரிஃப் சாய்வுகள் நிமிர்ந்த எழுத்தைச் சாய்த்துத் திருத்தியவைதான்.

தமிழ் அச்சும் இளையதல்ல. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' நம் கையில் இருக்கிறது. ஆனால் அழுத்திச் சொல்ல வேண்டிய சொல்லைச் சாய்த்துப் போடும் வழக்கம் நம் அச்சில் வேர்விடவில்லை. தடித்த எழுத்தும் மேற்கோள்குறியும் அந்த வேலையைச் செய்தன. சுவரிலும் கடைப்பலகையிலும் தூரிகை பிடித்தவர்கள் தாராளமாகச் சாய்த்தார்கள். அளவுகோல் இல்லாமலே அவர்கள் கை சுழியை அகல விட்டது. அந்தக் கைப்பக்குவத்தை எழுத்துருவுக்குள் கொண்டுவருவதுதான் கடினம். ப, ட போன்ற நேர்கோட்டு எழுத்துகள் எவ்வளவு தள்ளினாலும் தாங்கும். ண, ஞ, ழ தாங்காது. தடித்தபோதே பாதியான உள்வெள்ளை, சாய்த்ததும் குறுக்கே இன்னும் நெருங்குகிறது.

நம் ஊரில் தடித்த சாய்வு எங்கே பொருந்துகிறது என்று கொஞ்ச நாளாகக் கவனித்து வருகிறேன். ஓடுகிறவன் உடம்பு முன்னால் சாய்வதுபோல், வலப்புறம் சாய்ந்த எழுத்தும் விரைவைச் சொல்லிவிடுகிறது. டிஎச்எல் கூரியர் வண்டியின் சிவப்பு எழுத்து அப்படித்தான். 2008 முதல் மரினா பேயில் இரவில் நடக்கும் ஃபார்முலா ஒன் பந்தயத்தின் சின்னமும் அப்படித்தான். சிராங்கூன் ரோட்டில் தீபாவளி நேரத்தில் 'தள்ளுபடி' என்ற ஒற்றைச் சொல்லுக்கும் சரி. மருந்துச் சீட்டுக்கும் கட்டுமானத் தளத்தின் 'அபாயம்' பலகைக்கும் வேண்டவே வேண்டாம். நான்கு மொழிப் பலகை ஒன்றை மொத்தமாகச் சாய்த்தால் ஆங்கிலமும் மலாயும் பிழைத்துக்கொள்ளும், அவற்றின் எழுத்துக்குச் சாய்ந்த உடன்பிறப்பு உண்டு. தமிழுக்கும் சீனத்துக்கும் பெரும்பாலும் கிடைப்பது கணினியின் தள்ளல் மட்டுமே.

1997இல் கணினித் தமிழுக்காகத் தமிழ்நெட் மாநாடு இங்கே கூடியபோது, கணினித் தமிழ் முன்னோடி நா. கோவிந்தசாமி போன்றவர்களின் கவலை தமிழ் எல்லாத் திரையிலும் ஒரே மாதிரி தெரிய வேண்டுமே என்பதாக இருந்தது. அந்தக் கவலை தீர்ந்தது. வடிவம் பற்றிய கவலை நம்முடையது.

பேனரை மறுபடி செய்தேன். தடிமனை ஒரு படி குறைத்தேன், சாய்வை 8 டிகிரிக்கு இறக்கினேன். 100க்கு 14 அலகுதான் நகர்வு. பிறகு 'ண'வைத் தனியே எடுத்து, ஒவ்வொரு சுழியின் மேல் வலக் கோட்டையும் மெலித்து, உள்ளிருந்த வெள்ளையைப் புள்ளி புள்ளியாக வெளியே தள்ளினேன். அந்த ஓர் எழுத்துக்கு ஒரு சனிக்கிழமை மாலை முழுதும் போனது. புதியதைக் கட்டிய அன்று பாட்டி தூணருகே நின்றபடியே படித்தார், கண்ணைச் சுருக்காமல்.