பிடில் இலை அத்தி ஏன் இலையை விட்டுவிடுகிறது?

"நர்சரியில் பளபளவென்று நின்ற செடி, வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரமே நான்கு இலைகளை உதிர்த்துவிட்டது. எனக்குக் கைராசி இல்லையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவர் வாங்கியது ஃபிகஸ் லைரேட்டா. இலை பிடில் போல இடை சிறுத்து நுனி அகன்றிருப்பதால் பிடில் இலை அத்தி என்கிறார்கள். ஓர் இலை 45 சென்டிமீட்டர் வரைகூட நீளும். ஆல், அரசு, அத்தி எல்லாம் இதற்கு ஒரே பேரினத்துச் சொந்தங்கள். பிறப்பிடம் மேற்கு ஆப்பிரிக்காவின் மழைக்காடு. அங்கே ஆலைப் போலவே வேறொரு மரத்தின் மேல் முளைத்து, வேரைத் தரைக்கு இறக்குவதும் உண்டு.

கைராசி என்ற ஒன்று கிடையாது. அதை நம்பி, ஆசையோடு தொடங்கிய எத்தனையோ பேர் செடி வளர்ப்பதையே விட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

முதல் காரணம் வெளிச்சம். வெட்டவெளியில் உச்சி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). அறையின் உள்மூலையில் சில நூறு லக்ஸ் இருந்தாலே அதிகம். நம் கண் பழகிக்கொள்வதால் வித்தியாசம் உறைப்பதில்லை. நல்ல ஒளியில் உருவான தடித்த இலைக்குச் சுவாசச் செலவு அதிகம். மங்கலான மூலையில் ஒளிச்சேர்க்கை வரவு அந்தச் செலவுக்குக் கட்டாது. அப்புறம் செடி அந்த இலையை வைத்திருக்காது.

அதை எப்படிக் கழற்றுகிறது என்பதுதான் எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காத விஷயம். காம்பு தண்டோடு சேரும் இடத்தில் சில வரிசைச் சிறு செல்கள் உண்டு. அதுதான் உதிர் அடுக்கு. இலை நலமாக இருக்கும்வரை ஆக்சின் என்ற ஹார்மோன் இலையிலிருந்து காம்பு வழியாகத் தண்டுக்கு வந்துகொண்டே இருக்கும். 'நான் இருக்கிறேன்' என்று இலை ஓயாமல் சொல்லி அனுப்புவது போல. அந்தச் சேதி வரும்வரை உதிர் அடுக்கு, செடியே உண்டாக்கும் எத்திலீன் என்ற வாயு ஹார்மோனின் பேச்சைக் கேட்காது. இலை நலிந்து ஆக்சின் வரத்து குறைந்ததும் எத்திலீனின் கை ஓங்கும். செல்கள் நொதிகளைச் சுரக்கும். செல்லோடு செல்லை ஒட்டியிருக்கும் பெக்டின் கரையும். இலை தன் எடையாலேயே விழும். தண்டுப் பக்கத்தில் தக்கைப் படலம் உருவாகிக் காயத்தை மூடிவிடும்.

இதைக் கோலியஸ் செடியில் பார்க்கலாம். இலைப்பரப்பை நறுக்கிவிட்டுக் காம்பை மட்டும் விட்டுவைத்தால், சில நாளில் அந்தக் காம்பும் விழும். வெட்டிய முனையில் ஆக்சின் களிம்பைத் தடவினால் விழாமல் நிற்கும். இலை இல்லை, சேதி மட்டும் இருக்கிறது. அதுவே போதுமாக இருக்கிறது!

எத்திலீனுக்குச் செடியின் மேல் இப்படியொரு பிடி இருப்பது தெரியவந்ததும் தற்செயலாகத்தான். ஆய்வகத்தில் பட்டாணி நாற்றுகள் ஏன் படுக்கைவாட்டில் வளர்கின்றன என்று ஆராய்ந்த ரஷ்யர் டிமிட்ரி நெல்யூபோவ், விளக்கெரிக்கும் வாயுவில் கலந்திருந்த எத்திலீனே காரணம் என்று 1901இல் காட்டினார். இன்று பழங்களைப் பழுக்க வைக்கவும் கெடாமல் காக்கவும் அந்த அறிவுதான் உதவுகிறது. பட்டாணியின் கோணலைப் பார்க்க எதற்குப் பணம் என்று கேட்பவர்கள் கையில் ஆராய்ச்சி நிதி இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சரி, தண்ணீர். ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். மண் சொதசொதவென்றே இருந்தால் வேர் மூச்சுத் திணறி அழுகும், அதற்கும் இலைதான் விழும். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஜன்னலருகே ஓரிடத்தில் வைத்தபின் அடிக்கடி இடம் மாற்றாதீர்கள். காம்பில் வடியும் பால் தோலை உறுத்தும். பூனையோ நாயோ இலையை மெல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இலை விழுந்த தழும்புக்குச் சற்று மேலே பாருங்கள். சின்னதாக ஒரு மொட்டு உறங்கிக்கொண்டிருக்கும். செடி தேறிய பிறகு நுனியைக் கிள்ளிவிட்டால், அதில் ஒன்றிரண்டு கிளைக்கலாம்.