அழுகண்ணி: சொல் விளக்கம்

இலையில் ஒட்டும் துளிகளால் பூச்சி பிடித்து உண்ணும் டிரோசெரா செடிக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டால் ‘சூரியப் பனித்துளி’ என்றுதான் பலரும் சொல்வார்கள். தவறில்லை, ஆனால் அது மொழிபெயர்ப்பு. இந்தச் செடிக்கு நம் மண்ணிலேயே பிறந்த பெயர் ஒன்று இருக்கிறது: அழுகண்ணி. வீட்டில் இதை வளர்க்கிறவர்களாவது அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

கிரேக்கத்தில் ‘டிரோசோஸ்’ என்றால் பனி. அதிலிருந்து வந்த டிரோசெரா என்னும் பேரினப் பெயரைத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் நிலைநிறுத்தினார். ஐரோப்பாவின் பழைய மருத்துவர்கள் லத்தீனில் ‘ரோஸ் சோலிஸ்’, அதாவது சூரியனின் பனி என்றார்கள். ஆங்கில ‘சன்டியூ’வும் அதன் வழி வந்ததுதான். புல்நுனிப் பனி வெயில் ஏறினால் காய்ந்துவிடும். இந்த இலையிலோ உச்சி வெயிலிலும் துளி மினுங்கும். அந்த வியப்புதான் அவர்கள் வைத்த பெயர்.

நம்மவர்களுக்கு அதே துளி கண்ணீராகத் தெரிந்திருக்கிறது. அழு, கண், இ: அழும் கண்ணை உடையவள். சித்த மருத்துவ வழக்கில் ‘அழுகண்ணி, தொழுகண்ணி’ என்று இரண்டையும் சேர்த்தே சொல்வார்கள். தொழுகண்ணி பூச்சி பிடிக்காது. அது அவரைக் குடும்பத்துச் செடி, சிற்றிலைகள் தாமே அசையும். சமஸ்கிருத ‘ருதந்தி’க்கும் அழுபவள் என்றே பொருள். ஆனால் அந்தப் பெயர் வேறொரு செடிக்கும் வழங்குவதால் மருந்து நூல்களில் பெயரை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது.

தமிழில் கண்ணி என்றால் பறவை பிடிக்க வைக்கும் சுருக்கும்தான். பெயர் அதிலிருந்து வந்தது என்று நான் வாதிடவில்லை. ஆனாலும் அழுகிற கண்ணே பொறியாக இருக்கும் ஒரு செடிக்கு இதைவிடப் பொருத்தமான ஒலி வேறு எங்கே கிடைக்கும்?

இலையைக் கிட்டே வைத்துப் பாருங்கள். பர்மனி என்ற இனத்தில் முழுச் செடியே ஒரு நாணய அளவில் தரையோடு ஒட்டிக் கிடக்கும். (இலங்கைத் தாவரங்களைப் பற்றி 1737இல் நூல் வெளியிட்ட டச்சு அறிஞர் யோகான்னஸ் பர்மனின் பெயர் அது.) ஒவ்வொரு இலையிலும் செந்நிற மயிர்கள், ஒவ்வொரு மயிர் நுனியிலும் ஒரு துளி. தீக்குச்சியால் தொட்டு இழுத்தால் பலாப்பால் போல நூலாக நீளும். அது தண்ணீர் இல்லை, பசை. சிற்றெறும்பு மாட்டினால் விளிம்பு மயிர்கள் சில நொடிகளில் உள்ளே மடங்கும். அப்புறம் செரிமான நொதிகள் ஊறும். தழைச்சத்து இல்லாத மண்ணில் பிழைக்க இந்தச் செடி கண்ட வழி இது.

இப்படி இரை பிடிக்கும் செடிகள் எல்லாவற்றுக்கும் பொதுச்சொல் என்ன என்பதிலும் குழப்பம் உண்டு. டார்வின் 1875இல் எழுதிய நூலின் தலைப்பிலேயே ‘பூச்சியுண்ணும்’ என்ற சொல்தான் இருக்கிறது. இன்று வழங்கும் ‘கார்னிவோரஸ்’ லத்தீனில் இறைச்சி என்ற சொல்லிலிருந்து வருவது. அதற்கு நேரான தமிழ் ‘ஊனுண்ணி’. ஊன் பழைய சொல்தான், திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரத்தில் முதல் குறளிலேயே வருகிறது. பொதுச்சொல்லாக ஊனுண்ணித் தாவரம் என்பதே சரி. அழுகண்ணியை மட்டும் பேசும்போது பூச்சியுண்ணி என்றாலும் குறையில்லை.

சரி, வளர்ப்புக்கு வருவோம். அழுகண்ணி என்ற பெயரே பாதிப் பராமரிப்பைச் சொல்லிவிடுகிறது. அழுதுகொண்டிருந்தால் செடி நலமாக இருக்கிறது. கண்ணீர் வற்றினால் ஏதோ குறை. புதிதாக வாங்கி வந்த செடி என்றால் சில நாள் பொறுத்துப் பார்க்கலாம். பழைய இலை காய்வதும் இயல்பே. புது இலைகளிலும் துளி இல்லை என்றால் வெளிச்சம் போதவில்லை, அல்லது காற்று வறண்டிருக்கிறது, அல்லது தண்ணீர் உப்பு. என் முதல் செடி போனது இந்த மூன்றாவதால். போர்த் தண்ணீர்தான் ஊற்றினேன். மற்றச் செடிகளெல்லாம் அதிலேயே செழித்ததால் சந்தேகமே வரவில்லை.

மழைநீர் பிடித்து வையுங்கள், இல்லாவிட்டால் காய்ச்சி வடித்த நீர். தொட்டியை ஒரு விரற்கடை நீர் நிற்கும் தட்டில் வையுங்கள். பீட் பாசியும் (சதுப்பு நிலத்தில் மட்கிய பாசி) கழுவிய ஆற்று மணலும் கலந்தால் போதும். தென்னைநார்க் கழிவில் உப்பு இருக்கும், பலமுறை அலசாமல் போடாதீர்கள். தொழுவுரம், மண்புழு உரம், யூரியா எதுவும் கூடாது, வேர் கருகிவிடும். இறைச்சித் துண்டும் வேண்டாம், இலை அழுகும். மாடியில் வெயில் படும்படி வைத்தால் தன் இரையைத் தானே பிடித்துக்கொள்ளும்.

மலையில் பார்த்தாலும் பிடுங்கி வராதீர்கள். விதையிலிருந்தே எளிதாக வரும். பர்மனி குறைந்த ஆயுள் கொண்டது. பூத்து, தன்மகரந்தச் சேர்க்கையில் தூள் போன்ற கறுப்பு விதைகளை நிறையத் தந்துவிட்டு மடியும். அவற்றைப் புதைக்காமல் ஈர மண்மேல் தூவி விடுங்கள். முளைப்பது கடுகைவிடச் சிறிய இலைதான், அதன் ஓரத்திலும் துளி நிற்கும்.