அக்கானி ஏன் கள்ளாவதில்லை?

கருங்கல் பக்கத்துப் பள்ளி ஒன்றில் வேதியியல் பற்றிப் பேசப் போயிருந்தேன். கேள்வி நேரத்தில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். "எங்கள் தாத்தா பனையேறுகிறவர், சார். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் அக்கானி, தடவாமல் கட்டினால் கள். ஒரே மரம், ஒரே பாளை. சுண்ணாம்பு உள்ளே என்னதான் செய்கிறது?"

வகுப்பு சிரித்தது, கள் என்ற சொல்லுக்குத்தான். நான் பதிலைத் தொடங்கியதுமே மணி அடித்துவிட்டது. அங்கே அரைகுறையாகச் சொன்னதை இங்கே ஆற அமரச் சொல்லிவிடுகிறேன். (மற்ற மாவட்டத்தவர்களுக்கு: நீங்கள் பதநீர் என்பதைத்தான் குமரியில் அக்கானி என்கிறோம்.)

பாளையின் நுனியைச் சீவினால் வடிகிற நீரில் 100-க்கு 10 முதல் 14 பங்கு வரை சர்க்கரை இருக்கும். அதில் பெரும்பகுதி சுக்ரோஸ். அதாவது தேநீரில் போடும் அதே சீனி. காற்றிலிருந்தும், மொய்க்கும் பூச்சிகளின் காலிலிருந்தும், நேற்றைய கலயத்தின் நுண்துளைகளிலிருந்தும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் வந்து சேரும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளிவிடும். பாக்டீரியா புளிப்பேற்றும். இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

"சுண்ணாம்பு கிருமியைக் கொல்லும், அவ்வளவுதான்" என்று பலரும் பதில் சொல்வார்கள். தப்பில்லை, ஆனால் எனக்குப் பிடித்த இடம் அதற்கு முன்னாலேயே இருக்கிறது.

சுக்ரோஸ் மூலக்கூறு ஒரு இரட்டை. ஒரு பக்கம் குளுக்கோஸ், மறுபக்கம் ஃபிரக்டோஸ், நடுவில் இரண்டையும் பிணைக்கும் ஒற்றை ஆக்சிஜன் அணு. இந்த இரட்டையைப் பெரும்பாலும் வெளியிலேயே பிளந்து, துண்டுகளைத்தான் ஈஸ்ட் உள்ளே இழுக்கிறது. அதற்காகவே இன்வர்டேஸ் என்ற நொதியைத் தன் செல் சுவரை ஒட்டி நிறுத்தி வைத்திருக்கிறது. அந்த நொதியில் ஒரு பள்ளம். பள்ளத்தின் அடியில் எதிரெதிராக இரண்டு அமிலத் தொகுதிகள். சுக்ரோஸ் வந்து உட்கார்ந்ததும் ஒன்று ஃபிரக்டோஸைப் பற்றிக்கொள்கிறது. அதே நேரத்தில் மற்றது தன்னிடம் உள்ள ஒரு புரோட்டானை (எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜனை) நடு ஆக்சிஜனிடம் நீட்டுகிறது. ஆக்சிஜன் அதை வாங்கியதும் பிணைப்பு அறுகிறது; குளுக்கோஸ் கழன்று ஓடுகிறது. பிறகு ஒரு நீர் மூலக்கூறு வந்து ஃபிரக்டோஸையும் விடுவிக்கிறது. கள்ளின் முதல் படி இந்த ஒரு புரோட்டானைக் கொடுப்பதுதான்.

இந்தக் கொடுக்கல் வாங்கல் லேசான அமிலத்தில்தான் நன்றாக நடக்கும், பிஎச் 4.5 அளவில் இன்வர்டேஸ் சுறுசுறுப்பாக இருக்கும். (பிஎச் 7-க்குக் கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம்.) சுண்ணாம்பு கரைந்த அக்கானியிலோ பிஎச் 10-ஐத் தாண்டிவிடும். சுண்ணாம்பிலிருந்து வந்து அங்கே திரிகிற ஹைட்ராக்சைடு அயனிகள் அந்தப் புரோட்டானை முன்கூட்டியே பிடுங்கிக்கொள்கின்றன. சர்க்கரை இருக்கிறது, நொதியும் இருக்கிறது, நீட்டுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை. வெறுங்கை முழம் போடுமா?

இன்னொன்றும் உண்டு. சுண்ணாம்பு தண்ணீரில் மிக மோசமாகக் கரைகிற பொருள். சாதாரண வெப்பத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 1.7 கிராம்தான். சர்க்கரை கலந்த நீரில் அதைவிடக் கூடுதலாகக் கரையும் என்றாலும், எல்லாம் ஒரேயடியாகக் கரைந்துவிடாது. இந்த மோசம்தான் பனையேறிக்கு வரம். கலயத்தின் உட்சுவரில் பூசிய சுண்ணாம்பு பத்தாயத்து நெல் மாதிரி காத்திருக்கிறது. பாக்டீரியா கொஞ்சம் அமிலத்தை உண்டாக்கினால், கரைந்திருந்த சுண்ணாம்பு அதைத் தீர்க்கும். சுவரிலிருந்து கொஞ்சம் கரைந்து அந்த இடத்தை நிரப்பும். இரவு முழுவதும் மரத்தின் உச்சியில் ஆளில்லாமல் நடக்கிற காவல் இது.

சர்க்கரை பிளவுபடாமல் இருப்பதால்தான் கருப்பட்டியும் உறைகிறது. குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் மிகுந்த பாகு எவ்வளவு காய்ச்சினாலும் பிசுபிசுவென்றே நிற்கும். சுக்ரோஸ் படிகமாகச் சேர்ந்தால்தான் சிரட்டையில் ஊற்றியது கட்டியாகும். விடிலியில் (அக்கானி காய்ச்சும் குடிசையில்) அக்கானி பொங்கி வரும்போது நசுக்கிய ஆமணக்கு விதையைக் கொஞ்சம் போடுவார்கள், கவனித்திருக்கிறீர்களா? அந்த எண்ணெய் நுரையின் படலத்தில் பரவி அதை உடைத்துவிடும். ஒரு சிட்டிகையில் அடங்கிப்போகிற பொங்கலைப் பார்க்கிற சுகம் தனி.

இங்கே ஒரு சண்டையையும் போட்டுவிடுகிறேன். "கருப்பட்டி இயற்கையானது, சர்க்கரை நோயாளிகள் தாராளமாகச் சாப்பிடலாம்" என்று சந்தைக்குச் சந்தை சொல்கிறார்கள். கருப்பட்டியில் இரும்புச்சத்தும் சில தாதுக்களும் உண்டு, சுவையும் மணமும் வெள்ளைச் சீனிக்கு வராது. ஆனால் அதில் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான். ரத்தத்துக்கு அது பனையில் வடிந்ததா கரும்பில் பிழிந்ததா என்று தெரியாது. எனக்கும் கருப்பட்டிக் காப்பிதான் பிடிக்கும்; அது வேறு விஷயம்.

ஆதங்கம் ஒன்றும் உண்டு. மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம் மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள், பெருமைதான். குளிர்பெட்டி இல்லாமல் அக்கானியை இரண்டு நாள் கெடாமல் வைக்க வழி கண்டுபிடிக்கிறேன் என்று ஆய்வு உதவித்தொகை கேட்டுப் போய்ப் பாருங்கள், மேலும் கீழும் பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. களியக்காவிளையைத் தாண்டிக் கேரளாவுக்குள் போனால் கள்ளுக்கடை. நம் பக்கத்துப் பனையேறிக்கு மிஞ்சியது சுண்ணாம்புப் பெட்டி மட்டும்தான். அதன் அறிவியலையாவது கொஞ்சம் மேலே கொண்டுபோகலாமே.

அந்தப் பெண்ணிடம் வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை சொல்லிவிட்டு வந்தேன். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது தெரியும்தானே? கண்ணேறு கழிகிறதோ இல்லையோ, காரம் இருக்கிறது என்று அந்தச் சிவப்பு சத்தியமாகச் சொல்கிறது. அக்கானியில் ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டாலும் அதுவே நடக்கும். மேலே தெளிந்த அக்கானியை மட்டும் திறந்த டம்ளரில் வடித்து வைத்தால் சுவர்ச் சுண்ணாம்பின் காவல் இல்லை. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து காரத்தைக் குறைக்கும், பிறகு நுண்ணுயிர்கள் தலைதூக்கும்.

மறுவாரம் அந்தப் பெண் தன் ஆசிரியர் மூலமாக ஒரு தாளை அனுப்பியிருந்தாள். காலை 7 மணி, சிவப்பு. 11 மணி, சிவப்பு. மாலை 4 மணி, ஆரஞ்சு. மறுநாள் காலை, மஞ்சள், புளித்த வாசனை. கீழே ஒரு வரி: "மஞ்சளாகிவிட்டதைக் கொட்டிவிடுவதாகச் சொல்லித் தாத்தா எடுத்துக்கொண்டு போனார். கொட்டினாரா என்று நான் பார்க்கவில்லை."