இறங்கிப்போன ஈறு திரும்ப வளருமா?

சித்தி போன வாரம் போன்ல கேட்டாங்க, "ஏம்ப்பா, கீழ்ப்பல்லு ரெண்டு ஆடுது, ஈறும் இறங்கிப்போச்சு. கை ஒடிஞ்சா கூடுது, தோல்ல காயம் பட்டா ஆறுது, இது மட்டும் ஏன் திரும்ப வர மாட்டேங்குது?"

ரொம்ப சரியான கேள்வி. பல்லு எலும்புல நேரா ஒட்டிக்கிட்டு இல்ல. வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவுல கால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இடைவெளி, அதுல கயித்துக்கட்டில் மாதிரி கொலாஜன்ங்கிற புரத நார் கட்டியிருக்கு. ஒரு முனை வேர் மேல இருக்கிற சிமென்டம்ங்கிற படலத்துல புதைஞ்சிருக்கும், இன்னொரு முனை எலும்புல. முறுக்கு கடிக்கிறப்ப அந்த அழுத்தத்த வாங்கிக்கிறது இந்த நார்தான். பல்லுல காரை படிஞ்சு, பாக்டீரியா சேந்து, ஈறு வீங்கி, நாரும் எலும்பும் கரையுற கதை எல்லாருக்கும் தெரிஞ்சதே.

டாக்டர் சுத்தம் பண்ணினதுக்கு அப்புறம் அந்த காலி வேர் மேல ஒரு ஓட்டப்பந்தயம் நடக்குது. எந்த செல் முதல்ல வந்து உக்காருதோ அத வச்சுத்தான் எப்படி ஆறும்னு முடிவாகும்னு 1976ல மெல்ச்சர்ங்கிற பல் ஆராய்ச்சியாளர் எழுதினார். ஈறோட மேல்தோல் செல்தான் வேகம், அது வந்துட்டா புண் மூடிக்கும், பிடிப்பு வராது. எலும்பு செல் முந்திக்கிட்டா பல்லு எலும்போட இறுகி வேர் கரைய ஆரம்பிக்கும். பழைய நார்ல மிச்சமிருக்கிற செல் வந்தாத்தான் எல்லாம் பழையபடி வரும், ஆனா அது மெதுவா வர்ற ஆளு. 1982ல ஸ்வீடன்ல நைமன், லிண்டே, காரிங் குழு ஈறுக்கும் வேருக்கும் நடுவுல ஒரு வடிதாள வச்சு மேல்தோல மறிச்சாங்க, மெதுவான செல்லுக்கு டைம் கிடைச்சுது, புது நார் பிடிச்சுது. இன்னைக்கு ஈறு டாக்டருங்க வைக்கிற சவ்வு எல்லாம் அதோட வாரிசுதான்.

சரி, அந்த செல்லையே வெளிய வளத்து வேர்ல ஒட்டிட்டா? புடுங்கின ஞானப்பல்லோட நார்ல ஸ்டெம் செல், அதாவது வேற வகை செல்லா மாறக்கூடிய மூல செல், இருக்குன்னு 2004ல தெரிஞ்சுது. வளக்குறது கஷ்டம் இல்ல, தட்டுல இருந்து எடுக்குறதுதான் கஷ்டம். வழக்கமா ட்ரிப்சின்னு ஒரு என்சைம ஊத்துவாங்க, அது செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு கைகோத்திருக்கிற புரதத்த எல்லாம் வெட்டிடும், அப்புறம் கைல கிடைக்கிறது தனித்தனி செல்லுதான்.

டோக்கியோல ஒக்கானோங்கிற ஆராய்ச்சியாளரோட குழு பண்ணினத நினைச்சா எனக்கு இப்பவும் சந்தோஷமா இருக்கு. வேட்டித்துணியில காயவச்ச கூழ் வத்தல எப்படி எடுப்போம்? பின்பக்கம் தண்ணி தெளிச்சா பிய்யாம முழுசா உரிஞ்சு வரும்ல, அதேதான். செல் வளக்குற தட்டு மேல, நீளச் சங்கிலி மாதிரி மூலக்கூறால ஆன ஒரு பாலிமர் பூச்சு, நானோமீட்டர் கணக்குல அவ்ளோ மெல்லிசு. 37 டிகிரில அந்தச் சங்கிலிங்க தண்ணிய வெளிய தள்ளி சுருங்கிக்கும், செல்லு நல்லா ஒட்டி வளரும். 32 டிகிரிக்கு கீழ குளுர வச்சா அதே சங்கிலி தண்ணிய இழுத்து உப்பும், செல்லுக்கு பிடிமானம் போயிடும், முழு விரிப்பா மிதந்து வரும். என்சைம் வேண்டாம், சுரண்ட வேண்டாம். செல்லுங்க தானே சுரந்து வச்சிருக்கிற பசை அடிப்பக்கம் அப்படியே இருக்கும், அதனால வேர் மேல வச்சா தானா ஒட்டிக்குது!

2018ல வந்த ஆய்வுல 10 பேருக்கு அவங்கவங்க செல்லுல செஞ்ச விரிப்ப மூணு அடுக்கா வச்சாங்க, ஆறு மாசத்துல எலும்பு சராசரியா 2.3 மில்லிமீட்டர் உயர்ந்திருந்துச்சு. ஆனா ஒப்பிட்டுப் பாக்க விரிப்பு வைக்காத குழு இல்ல, எலும்பு நிரப்பியும் கூடவே போட்டாங்க, அதனால விரிப்போட பங்கு எவ்ளோன்னு அத மட்டும் வச்சு சொல்ல முடியாது. உயிர எடுக்காத நோய்னு ஈறு ஆராய்ச்சிய ஓரமா வைக்காம காசு போட்டாத்தான் அந்த பதில் கிடைக்கும், நாப்பது வயசுலயே பல்ல இழக்குறவங்க சாப்பாட்டுக்கு படுற பாட்ட பாத்தவன்ங்கிறதால சொல்றேன்.

சித்திகிட்ட இதெல்லாம் சொல்லி முடிச்சதும், "க்ளீன் பண்ணினா பல்லு இன்னும் ஆடும்னு சொல்றாங்களே"ன்னாங்க. அது உண்மை இல்ல சித்தி, எலும்பு முன்னாடியே போயிருக்கும், காரைதான் முட்டுக்கொடுத்த மாதிரி அத மறைச்சிட்டு இருக்கும். காரை இருக்கிற வேர்ல எந்த நல்ல செல்லும் வந்து உக்காராது. வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்காங்க.