ஓடும் கார் நின்றுபோனால்: மெக்கானிக் வருவதற்குள் பார்க்க வேண்டியவை

நான்கு வழிச்சாலையில் எண்பதில் போய்க்கொண்டிருக்கும் பெட்ரோல் கார் திடீரென்று அடங்கிவிடுகிறது. ஓரம்கட்டிச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாக அடிக்கிறது, இன்ஜின் மட்டும் பிடிக்க மாட்டேன் என்கிறது. மெக்கானிக் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகிறது. அவர் சாவியைத் திருப்பியதும் எதுவுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. "பெட்ரோல் பம்ப் வீக்கா இருக்கும் சார்" என்று பம்பை மாற்றுகிறார்கள். இரண்டு வாரம் கழித்து, அதே வெயிலில் மறுபடியும் நிற்கிறது.

சூட்டில் வரும் பழுது, சூடு இறங்கியதும் ஒளிந்துகொள்ளும். ஒர்க்‌ஷாப்புக்கு வரும்போது கார் நன்றாகவே ஓடும். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் சில நேரம் எந்தப் பழுதுக் குறியீடும் (கோட்) இருக்காது. அதனால் கார் நின்ற முதல் பத்து நிமிடத்தில் நீங்கள் பார்ப்பதும் கேட்பதும்தான் நோயைக் காட்டிக்கொடுக்கும். பானட்டைத் திறந்து எதையும் கழற்றத் தேவையில்லை.

முதலில் பாதுகாப்பு. இன்ஜின் நின்றால் ஸ்டியரிங் கனத்துவிடும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி இடப்பக்கம் ஒதுங்குங்கள். கார் முழுவதும் நிற்கும்வரை சாவியை உருவக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஹசார்டு விளக்கைப் போட்டு, முக்கோணத்தைக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வைத்து, உள்ளே இருப்பவர்களை இறக்கிச் சாலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்துங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் உதவி எண் 1033.

மூன்று சூழ்நிலைகளில் மறுபடி செல்ஃப் அடிக்கவே கூடாது. தேங்கிய மழைநீரில் நின்ற கார் முதலாவது. ஏர் ஃபில்டர் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். சாவியைத் திருப்பாமல் டோ செய்திருந்தால் சுத்தம் செய்து ஓட்டியிருக்கக்கூடிய இன்ஜின், ஒரே ஒரு செல்ஃபில் வீணாகும். இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பாலிசி எடுக்காதவர்களுக்கு அந்தச் செலவைப் பெரும்பாலும் இன்சூரன்ஸ் தராது. இரண்டாவது, வெப்பமானியின் முள் சிவப்பில் இருக்கும்போது. மூன்றாவது, பிஸ்டனும் வால்வும் ஒத்திசைந்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் அறுந்த சந்தேகம் வந்தால்.

பெல்ட் அறுந்ததைக் காதே சொல்லிவிடும். நல்ல இன்ஜினுக்குச் செல்ஃப் அடித்தால் 'ருவ்... ருவ்... ருவ்' என்று ஏறி இறங்கும் தாளம் ஒன்று இருக்கும். ஒவ்வொரு பிஸ்டனும் காற்றை அமுக்கும்போது மோட்டார் சற்றே திணறுகிற ஓசை அது. பெல்ட் போய்விட்டால் அந்தத் திணறல் இல்லாமல், மிக்சி காலியாகச் சுற்றுவதுபோல 'விர்ர்' என்று லேசாக, வேகமாகச் சுற்றும். அதைக் கேட்டதும் கையை எடுத்துவிடுங்கள். பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வில் மோதும். ஒவ்வொரு சுற்றும் சேதத்தைக் கூட்டும். பெல்ட்டுக்குப் பதில் செயின் உள்ள இன்ஜின்களில் இது அபூர்வம்.

இந்த மூன்றும் இல்லை என்றால், கார் எப்படி நின்றது என்று நினைவுபடுத்துங்கள். இதில்தான் பாதி விடை இருக்கிறது. நிற்கும் முன் கார் இழுத்து இழுத்து, ஆக்சிலரேட்டர் மிதித்தும் வேகம் ஏறாமல், திக்கித் திக்கி நின்றிருந்தால் பெட்ரோல் வரவில்லை. டேஷ்போர்டு மொத்தமும் ஒரே நொடியில் இருண்டிருந்தால் பேட்டரி டெர்மினல், மெயின் ஃப்யூஸ், இக்னிஷன் சுவிட்ச் இவற்றில் ஒன்று. நிற்பதற்கு முன்பே பேட்டரி விளக்கு எரிந்து, ஹெட்லைட் மங்கி வந்திருந்தால், ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டர் சார்ஜ் செய்யவில்லை. இதில் செல்ஃபும் 'டக் டக்' என்று மட்டும்தான் சொல்லும். ஓய்வில் 12.6 வோல்ட் இருக்க வேண்டிய பேட்டரி 11-க்குப் பக்கத்தில் நிற்கும். ஜம்ப் கேபிளால் ஸ்டார்ட் செய்தாலும் சற்றுத் தூரத்தில் மறுபடி நிற்கும்.

எந்தத் திணறலும் இல்லாமல், சுவிட்சை அணைத்ததுபோலச் சட்டென்று நின்றது, டேஷ்போர்டு விளக்குகள் எல்லாம் எரிகின்றன, ஆனால் கார் கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் முள் மட்டும் பூஜ்யத்துக்கு விழுந்தது என்றால், இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார்தான் முதல் சந்தேகம். மேனுவல் கியர் காரில், கிளட்ச் மிதிக்காமல் கியரில் இருக்கும்வரை சக்கரம் இன்ஜினைச் சுழற்றிக்கொண்டுதான் இருக்கும். சுற்றும் இன்ஜினுக்கு முள் பூஜ்யம் காட்டினால், சுற்றும் சேதி கம்ப்யூட்டருக்குப் போகவில்லை என்றுதான் பொருள்.

அடுத்த சோதனைக்குக் காதும் ஒரு ஆளும் போதும். சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள், செல்ஃப் வேண்டாம். பின் இருக்கைக்கு அடியில் காதை வைத்திருப்பவருக்கு இரண்டு நொடி 'ஊஊம்' என்று ஒரு சின்ன ஓசை கேட்க வேண்டும். டேங்குக்குள் இருக்கும் பம்ப் குழாயில் அழுத்தம் ஏற்றுகிற ஓசை அது. சாவி போட்டதும் இப்படி ஓடுவது பெரும்பாலான கார்களின் வழக்கம்.

பம்பை வீணாக மாற்றும் தவறு இந்த இடத்தில்தான் நடக்கிறது. கிராங்க் சென்சார் சிக்னல் தராவிட்டால், இன்ஜின் சுற்றவில்லை என்று கம்ப்யூட்டர் முடிவு செய்து ஸ்பார்க்கையும் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் நிறுத்துவதோடு, பம்புக்கு மின்சாரம் தரும் சுவிட்சான ரிலேயையும் அணைத்துவிடும். செல்ஃப் அடிக்கும்போது பம்ப் ஓடவில்லை என்று பார்ப்பவர், பம்பைக் குற்றம் சொல்கிறார். ஆனால் சாவி ஆனில் அந்த இரண்டு நொடி ஓசை கேட்கிறது, செல்ஃப் அடிக்கும்போது மட்டும் பம்ப் பேசாமல் இருக்கிறது, ஆர்பிஎம் முள்ளும் அசையவில்லை என்றால் பம்ப் நிரபராதி. ஸ்கேனரில் செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் 150 முதல் 300 வரை காட்ட வேண்டும். பூஜ்யம் காட்டினால் சந்தேகம் உறுதிப்படும். பெரும்பாலும் சென்சாரோ அதன் வயரோதான். பழுதுக் குறியீடு பதிவாகியிருந்தால் பெரும்பாலும் பி0335 ஆக இருக்கும்.

இரண்டு வயர் வகைச் சென்சாருக்குள் மிக மெல்லிய செம்புக் கம்பிச் சுருளை பிளாஸ்டிக்கில் பொதிந்திருப்பார்கள். இன்ஜின் சூட்டில் பல ஆண்டு வெந்த பிறகு, சூட்டில் விரிந்தால் விலகுவதும் ஆறினால் ஒட்டிக்கொள்வதுமாக ஒரு முறிவு அதில் உண்டாகும். இருபது, முப்பது நிமிடம் ஆறியதும் கார் ஓடுவதன் ரகசியம் இதுதான். ஈரத்துணியைச் சென்சார்மீது வைத்து ஆற்றினால் உடனே ஸ்டார்ட் ஆவது நல்ல நிரூபணம். சைலன்சர் குழாய் பக்கத்தில் இருக்கும், கை பத்திரம். இரண்டு வயர் சென்சாரைச் சூடாக இருக்கும்போதே மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். ஆறிய பின் சரியான ஓம் (மின்தடை) காட்டுவது எதையும் நிரூபிக்காது. மூன்று வயர் உள்ள, கம்பிச் சுருளுக்குப் பதில் மின்னணுச் சில்லு வைத்த ஹால் வகைக்கு ஓம் அளவே உதவாது. சிக்னலைத்தான் பார்க்க வேண்டும். கனெக்டரைக் கழற்றி ஆயில் ஊறியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் புதுச் சென்சார் வாங்க வேண்டும். விலை குறைந்த டூப்ளிகேட் வேண்டாம், அது புதிதாக இருக்கும்போதே சூட்டில் சறுக்கும்.

சரி, அந்த ஓசையே கேட்கவில்லை என்றால்? பம்பின் ஃப்யூஸைப் பாருங்கள். பிறகு ரிலேயை உருவி, அதே எண் அச்சிட்ட ஹாரன் ரிலேயை அதில் செருகுங்கள். இதிலேயே பல கார்கள் வீடு போய்ச் சேரும். அதற்கும் அசையாவிட்டால் ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலாலோ செருப்பாலோ நாலு தட்டு தட்டட்டும். தட்டியதும் ஓடினால் பம்ப் மோட்டாரின் பிரஷ் தேய்ந்துவிட்டது, நேராக ஒர்க்‌ஷாப் போங்கள். தட்டியும் ஓடாவிட்டால் டேங்க் மேலுள்ள கனெக்டர் உருகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பம்பை ஆற்றுவதே அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்வில் ஓட்டுபவர்களின் பம்ப் சீக்கிரம் போகும். பம்ப் ஓடியும் கார் பிடிக்காவிட்டால் கேஜ் போட்டு அழுத்தம் பார்க்க வேண்டும். பல பெட்ரோல் கார்களில் அது 3 முதல் 4 பார் (அழுத்த அலகு).

டேஷ்போர்டில் சாவிப் படம் மின்னினால், சாவியை அடையாளம் காணாமல் இன்ஜினைத் தடுக்கும் திருட்டுத் தடுப்பான இம்மொபிலைசர்தான் காரணம். மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள்.

செல்ஃபை ஒரு தடவைக்கு ஐந்து நொடிக்கு மேல் பிடிக்காதீர்கள். அடுத்ததற்கு அரை நிமிடமாவது இடைவெளி வேண்டும். அடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரியும் போகும், பிளக்கும் பெட்ரோலில் நனையும். நனைந்துவிட்டால் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்ஷன் கார்கள் அந்நேரம் பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் விடும்.

இதோடு, கார் பிடிக்காமல் இருக்கும்போதே செல்போனில் ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள். சாவி ஆனில் ஐந்து நொடி, செல்ஃப் அடிக்கையில் ஐந்து நொடி. டேஷ்போர்டு தெரிய வேண்டும், ஓசை பதிய வேண்டும். மெக்கானிக் வந்ததும் கார் ஸ்டார்ட் ஆகிவிட்டால், அவரிடம் காட்ட அந்தப் பத்து நொடிதான் இருக்கும்.